இரண்டாவது முட்டை

அவரவர் உடம்புக்கு வேண்டிய புரதத்தைச் சமையல் இயந்திரமே அளந்து தட்டில் வைத்துவிடும். பயறும் ஒரு முட்டையுமாக இருந்த பவதாரணியின் தட்டில் போன மாதம் இரண்டாவது முட்டை வந்தது. அவளுக்கே உறுதியாகத் தெரியாத சேதி வீடு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

"பாத்தியாடா, உன் பொண்டாட்டி வாயத் தொறக்கிறதுக்குள்ள மிஷின் சொல்லிருச்சு!" என்று மாமியார் சகுந்தலா மகனைக் கேலி செய்தாள். அன்றிலிருந்து கௌசிக் சாப்பிட வந்தால் முதலில் மனைவியின் தட்டைத்தான் பார்ப்பான்.

இன்று காலை ஒரு முட்டைதான் வந்தது.

பவதாரணி தட்டை எடுக்காமல் நின்றாள். நேற்றுத் தூக்கிய வாளி, ஏறிய மாடிப்படி என்று ஒவ்வொன்றாக நினைத்துத் தன்மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தாள். சகுந்தலா தட்டைப் பார்த்தாள், பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பம்மா?"

"விடியக்காலைல, அத்தை. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கௌசிக் மாடியிலிருந்து இறங்கிவரும் சத்தம் கேட்டது. சகுந்தலா தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து மருமகளின் தட்டில் வைத்தாள்.

"உனக்கு எப்பச் சொல்லத் தோணுதோ அப்பச் சொல்லு," என்றாள் தாழ்ந்த குரலில். "இதையாவது நீயே சொல்லு."