கெருபோவின் வரிசை

மேற்பார்வையாளன் கிலோன்சோ தன் இடுப்பில் கை வைத்தான் என்று கெருபோ புகார் கொடுத்த மறுவாரமே மேலாளர் அம்மா கூப்பிட்டனுப்பினாள். நைவாஷா ரோஜாப் பண்ணையில் தன் சோற்றில் மண் விழுந்துவிட்டது என்று நினைத்தபடியே கெருபோ போனாள்.

"என்னை நிறுத்திடப் போறீங்களாம்மா?"

"யாரு சொன்னது? புகார் கொடுத்தவ மேல கை வச்சா சட்டம் எங்களைச் சும்மா விடுமா? உக்காரு, டீ குடி."

கெருபோ தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

"இனி நீ கிலோன்சோ மூஞ்சியில முழிக்க வேணாம். பூக்கட்டுற கொட்டகைக்கு மாத்திட்டோம். அதே சம்பளம்."

"நீங்க நல்லா இருக்கணும்மா."

"உன் மக மொராவுக்கு வேலை கேட்டுக்கிட்டே இருந்தியே, போட்டாச்சு. காலையிலேயே வந்து சேந்துட்டா."

கெருபோவுக்குக் கண் கலங்கியது. "எங்கம்மா போட்டிருக்கீங்க?"

"ஒருத்தர் மாறிப் போனா, அவங்க பூ வெட்டுன வரிசையை வீட்டு ஆளுக்குக் கொடுக்கறதுதானே இங்க வழக்கம்? உன் வரிசைதான். கிலோன்சோ பக்கத்துலயே நின்னு சொல்லிக் கொடுக்கறான்."

கெருபோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "அம்மா, அவ சின்னப் பொண்ணும்மா..."

"ஏதாவதுன்னா அவளும் புகார் கொடுக்கட்டும். அவளையும் மாத்திடறோம்," என்றாள் மேலாளர் அம்மா. "உனக்குத்தான் இன்னொரு பொண்ணும் இருக்காளே."