சிவப்பைக் குறைத்தபோது

வெளியே மழை இருட்டு. ஸ்டுடியோவின் உள்ளறையில் கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் மூன்று ஆண்களின் முகங்களில் விழுகிறது. திரையில், போன வாரம் இறந்துபோன பெண் ஏதோ விருந்தில் பச்சை உடையில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கூடத்தில் மாட்டுவதற்கு அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி வாங்கிப்போக அவளுடைய கணவனும் அண்ணனும் வந்திருக்கிறார்கள். ஸ்டுடியோக்காரர் மவுஸைத் தட்டுகிறார். பச்சை போகிறது, உதட்டுச் சாயம் போகிறது, சிரிப்பு மட்டும் நிற்கிறது. முகம் எடுப்பாகத் தெரிய அவர் எப்போதும் முதலில் சிவப்பைத்தான் குறைப்பார்; நிறம் போன படத்திலும், சிவப்பாக இருந்த இடங்களை அது அடர்த்தியாக்கும். இப்போதும் குறைக்கிறார். பவுடருக்கு அடியில் மறைந்திருந்த சிவப்பெல்லாம் கறுத்து மேலே வருகிறது. கன்னத்தில் வரிசையாக விரல் தடங்கள். அவர் கை அப்படியே நின்றுவிடுகிறது. "நிழலா இருக்கும்," என்கிறான் கணவன். "கொஞ்சம் வெளுப்பாக்கிடுங்க சார்." மேசைமேல் இருந்த அவனுடைய வலது கை மெல்ல மடிக்கு இறங்குகிறது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு அருகே குனிகிறான். மூலையில் சாத்திய குடையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறது. "எப்ப போன் பண்ணாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா," என்கிறான், யாரையும் பார்க்காமல். ஸ்டுடியோக்காரர் சிவப்பைப் பழையபடி ஏற்றப் போகிறார். அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான்.

"வேணாம் சார். இப்படியே பிரிண்ட் போடுங்க. பெருசா போடுங்க. மாப்பிள்ளை வீட்லதான மாட்டப்போறோம்."