மணல் நிற்கும் இடம்

ஸ்காட்லாந்துக் கடலோர மணல்மேட்டில் காற்று விடியலிலிருந்தே ஓயவில்லை. கோல்ஃப் மைதானம் வடிவமைக்கும் இஷ்பெல், பந்துக்குத் தடையாகத் தான் நேற்று வெட்டி மணல் நிரப்பவைத்த குழியின் விளிம்பில் நிற்கிறாள். குழி காலி. மணலெல்லாம் பக்கத்துப் புல்தரையில் இறைந்து கிடக்கிறது. "வரைபடத்துல நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்கிறார் புல்தரையைப் பராமரிக்கும் டார்க்வில். "சிரிக்காதீங்க. நாளைக்குக் கிளப் கமிட்டிக்காரங்க பாக்க வர்றாங்க," என்கிறாள் இஷ்பெல். சற்றுக் கீழே, பள்ளத்தில் ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன, அவற்றின் ரோமம் கொஞ்சமும் கலையவில்லை. இஷ்பெல் இறங்கிப்போய் ஒரு பிடி மணலை அள்ளி, விரலிடுக்கில் ஒழுக விடுகிறாள். நேராக விழுகிறது. மேலே ஏறி, குழியின் இடத்தைக் காட்ட நட்டிருந்த குறிக்கம்பைப் பிடுங்கிவந்து ஆடுகளின் அருகே நடுகிறாள். "இதுங்கள விரட்டட்டுமா?" என்கிறார் பின்னாலேயே இறங்கிவந்த டார்க்வில். "வேணாம். எதுவரைக்கும் படுத்திருக்குன்னு பாத்து அளவெடுங்க." டார்க்வில் சிரிக்காமல், கிழட்டு ஆட்டின் முதுகோரமாக அளவுநாடாவை விரிக்கிறார்.