ஏக்கருக்கு நாற்பது புசல்

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மனைவி தேங்காய்ச் சம்பல் குழைத்த கையோடு வந்து, சுண்டு விரலால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். கிளிநொச்சியிலிருந்து அவளுடைய தம்பி கதிர்காமு. அறுவடை முடிந்தால் அவன் அழைக்காமல் இருந்ததில்லை. அங்கே அவனுக்கு நெல். இங்கே இவர்களுக்குக் கோதுமை.

யன்னலுக்கு வெளியே கனடாவின் சஸ்காச்சுவான். ஒரு கோழிமுட்டையை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவதென்று தெரியாமல் அது அப்படியே நிற்கும். அவ்வளவு தட்டை. கிடைத்த இடத்திலெல்லாம் வானம்.

அந்த வானம்தான் இந்த முறை கெடுத்தது. கதிர் முற்றி நின்ற நேரத்தில் பனி கொட்டியது. பயிர் படுத்தது. பனி கரைந்தது. படுத்த கதிர் ஈரத்திலேயே முளைவிட்டது. நவம்பரில், பக்கத்துக் காணிக்காரனின் மெஷினைக் கெஞ்சி வாங்கி, மிஞ்சியதை வெட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கொழுவினார். அன்றிலிருந்து பொய் சொல்வதை நிறுத்திவிட்டார்.

முன்பு அப்படியா?

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்தக் காணியை வாங்கியவர் அவர். வாங்கிய நாளிலிருந்து அங்கே நடக்காத அதிசயம் இல்லை. அவருடைய கோதுமைக்குள் ஒரு விமானம் வழி தவறியிருக்கிறது. இரத்தம் குடிக்க வந்த ஒரு நுளம்பு கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. கதிரின் பாரம் தாங்காமல் பூமி ஒரு பக்கம் சரிந்து, பக்கத்து ஊர்த் தேவாலய மணி தானாகவே அடித்திருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்.

"அரைவாசி."

விளைச்சல் ஏக்கருக்கு எண்பது புசல் என்பார் அவர். அவள் அரைவாசி என்பாள். கேட்டவர்கள் நாற்பது என்று எடுத்துக்கொள்வார்கள். நாற்பதுதான் சரியாகவும் இருக்கும். கன்றுக்குட்டியைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. பின்பாதியைத்தான் நுளம்பு கொண்டுபோனது என்றாள்.

இப்போது கடைக்காரி சுகம் கேட்டால், சுகம் என்கிறார். டாக்டர் முழங்கால் நோகிறதா என்றால், நோகிறது என்கிறார். நேற்று, காணியை விற்றுவிடலாம் என்றார். அதையும் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல்.

கோதுமை போனதை அவள் பொறுத்துக்கொண்டாள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குள் யாரோ நேர்மையான அந்நியன் ஒருவன் வந்து குடியிருப்பதுபோல் இருந்தது.

"என்ன அத்தான், வெட்டி முடிஞ்சுதோ?"

"ஓம்."

"ஏக்கருக்கு எத்தினை புசல்?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"இருபது."

உண்மை. ஒரு மணி கூடவுமில்லை, குறையவுமில்லை.

கிளிநொச்சி விழுந்து விழுந்து சிரித்தது.

"எண்பதெண்டு சொல்லுற ஆள் இருபதெண்டால்! அப்ப பத்துத்தான். என்ன அக்கா, பத்துத்தானே?"

அவர் திருத்தவில்லை. கை மட்டும் மேசையில் இல்லாத ஒரு தூசியைத் தட்டியது.

அவள் சம்பல் கோப்பைக்குள் உப்புப் போட்டாள். ஏற்கெனவே போட்டிருந்தாள்.

"இஞ்சை பார் கதிர்காமு. உன்ரை அத்தானுக்கு வயது போகப்போக நாவூறு, கண்ணூறெண்டு பயம் வந்திட்டுது. ஆர் கேட்டாலும் குறைச்சுத்தான் சொல்லுறார்."

"அப்ப?"

"நாற்பது."

சிரிப்பு நின்றது.

அவள் சொன்னால் சொன்னதுதான். பிறந்த நாளிலிருந்து கதிர்காமுவுக்கு அது தெரியும். அவன் பட்டம் அறுந்ததற்கு யார் காரணம் என்று கேட்டபோதுகூட, நான்தான் என்று சொன்னவள்.

"நாற்பதோ! இவ்வளவு பிந்தி வெட்டியுமோ! அத்தான், நீங்கள் லேசுப்பட்ட ஆளில்லை!"

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

இவ்வளவு காலத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. கலியாண வீட்டில்கூட.

அவள் அவரைப் பார்க்கவில்லை. சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தாள். அது தேவைக்கு மேல் பிழியப்பட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய காது சிவந்திருந்தது.

"அங்கை பனி கொட்டினதெண்டல்லோ சொன்னினம், அத்தான்? கனக்கவோ?"

கணுக்கால் அளவு. அவர்தான் அதற்குள் நின்று பார்த்தவர்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். தொலைபேசிக்குப் பக்கமாகக் குனிந்தார். ஒரு முறை செருமினார்.

"ரெண்டு தென்னை உயரம், மச்சான்."



கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, வழக்கம்போல், சந்தேகத்தோடு, "அக்கா?"

அவள் சம்பலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரே உப்பு.

"அரைவாசி" என்றாள்.