தொட்டி வற்றும்வரை

நான் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் தலையில் மிச்சமிருக்கும் ஏழு முடியின் மேல் சத்தியம்.

பிஜித் தீவின் தலைநகர் சுவாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் காவல் தலைவர் அப்பெனிசா. தென்னைமரம் போல ஆள். உள்ளே முழுக்கப் பயம். போன வருடப் பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் பேசத் தொடங்கியதும், முந்நூறு மாணவர்கள் எழுந்து முதுகைக் காட்டி நின்றுவிட்டார்கள். ஏன் நின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. காவலர்கள் ஏன் தடுக்கவில்லை என்று மட்டும் கேட்டார்கள்.

"இந்த வருஷம் ஒரு சத்தம் வந்துச்சு, உம்மைத் தீவுப் பண்ணைக்கு மாத்திடுவேன். மரவள்ளிக்குக் காவல் இருக்கலாம்" என்றார் துணைவேந்தர்.

அப்பெனிசா ஓய்வுபெற மூன்றே மாதம். அந்தத் தீவுக்குப் போகும் படகை நினைத்தாலே அவருக்கு வாந்தி வரும்.

விழா நாள் காலை வாசலில் நின்று மத்தளம், விசில், சங்கு எல்லாவற்றையும் பறித்து வைத்தார். அப்போது வந்தாள் மாணவர் தலைவி லித்தியா. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய பெரிய பொட்டலம்.

"பிரி அதை!"

"ஏன் மாமா நடுங்கறீங்க? வெடிக்காது."

பிரித்தால் உள்ளே யாங்கோனா வேர்; இடித்துத் தண்ணீரில் கரைத்து விருந்தாளிக்குக் கொடுக்கும் சடங்குப் பானத்துக்கானது.

"விருந்தாளியா வர்ற ஊர்த்தலைவருக்குக் கரைச்சுக் கொடுக்க வேண்டாமா? நல்லவேளை, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். கரைச்ச தொட்டி வத்தற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதே! இல்லாட்டி நாங்க எப்படி..." என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

'அகப்பட்டாயா!' என்று அப்பெனிசா மனசுக்குள் குதித்தார். நேரே கரைக்கிறவர்களிடம் ஓடினார்.

"கடைசிப் பட்டம் கொடுக்கற வரைக்கும் தொட்டி வத்தக் கூடாது. தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்கடா!"

விழா தொடங்கியது. சிரட்டை போகும், வாங்கியவர் ஒரே மூச்சில் குடிப்பார், கையைக் குவித்து மூன்று தட்டு. வேறு சத்தமே இல்லை. எண்ணூறு பேருக்கும் பெயர் கூப்பிடாமலே பட்டம் கொடுத்தார்கள். பல் மருத்துவம் படித்த ஒருவர் கைக்குக் கப்பல் எஞ்சினியர் பட்டம் வந்தது. பேசக் கூடாதே, பேசாமல் வாங்கிக்கொண்டார். இன்றுவரை கப்பலில்தான் இருக்கிறார்.

நடுவில் துணைவேந்தர் நாற்பத்திரண்டு பக்க உரையோடு எழுந்து தொண்டையைச் செருமினார். ஊர்த்தலைவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

தொட்டி வற்றியபோது எல்லோரும் சாப்பிடக் கிளம்பியிருந்தார்கள். அப்பெனிசா லித்தியாவைத் தேடிப் பிடித்தார்.

"என்னம்மா, பெரிய போராட்டம்னு சொன்னாங்க? மாமாகிட்ட நடக்குமா?"

"நடந்து, ஜெயிச்சும் முடிஞ்சிடுச்சு மாமா. வேரை நல்லாத்தான் கரைக்கச் சொல்லியிருக்கீங்க" என்றவள், அங்கிக்குள்ளிருந்து கோரிக்கை அட்டையை எடுத்து நீட்டினாள்.

'மூணு மணி நேரம் வெயில்ல உட்கார முடியாது. துணைவேந்தர் உரை வேண்டாம்!'

நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். விட்டுப்போனது ஒன்றே ஒன்று: இந்த விழா நடந்த வருடம் முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரே கிடையாது.