புள்ளிப்புறா அங்கே இல்லை

போனில் அவன் பேசிக்கொண்டிருந்தான். அவள் புறாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் குரலுக்குப் பின்னால் அது கூவியது. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து.

புருஷன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் இரண்டரை வருடம். வெள்ளிக்கிழமைதோறும் விடுதி மொட்டைமாடியிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். பின்னால் எப்போதும் தவிட்டுப்புறாதான். சிரிப்பை அடக்க முடியாதவர்கள்போல் குலுங்கிவிட்டு நின்றுவிடும். நம்மூர்த் தவிட்டுப்புறாவேதான், வீட்டு வாசலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று முதல் மாதமே சொன்னான். புள்ளிப்புறாதான் இங்கே இல்லை, கழுத்தில் குருணை சிந்தினாற்போல் புள்ளி வைத்த அந்தக் கழுதையைப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது என்றான். அதன் பிறகுதான் அவள் இரண்டின் குரலையும் பிரித்துக் கேட்கப் பழகினாள்.

இன்றைக்குக் கூவுவது புள்ளிப்புறா.

இந்த வாரம் முகமும் காட்டவில்லை. கேமரா போய்விட்டதாம்.

யாராவது கூண்டில் வளர்க்கலாம் என்று நினைத்தாள்.

போனுக்குள்ளேயே, தூரத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. கூண்டுப் புறா இல்லை.

அப்படியென்றால் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிட்டான். எதிர்வீட்டு ஜெபசீலன் போன வருடம் வெளிநாட்டிலிருந்து இப்படித்தான் பெட்டியோடு வந்து நின்றான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே வாசலுக்கு ஓடினாள்.

தெருவில் ஓர் ஆடு. வாசல் வேம்பில் ஒரு பறவைகூட இல்லை.

லீவு கேட்டதாகவும், தீபாவளிவரை அந்தப் பேச்சே கூடாதென்று முதலாளி சொல்லிவிட்டதாகவும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் முதுகுக்குப் பின்னால் கூவுகிற புறாவை மறைக்கத் தெரியவில்லை.

"அங்க இப்ப மணி என்ன?"

"மூணு."

இங்கே நாலரை. ஒன்றரை மணி நேரத்தைச் சரியாகக் கழித்திருந்தான். யோசிக்கக்கூட இல்லை.

அதுதான் அவளுக்கு வலித்தது.

எந்த ஊர், யார் வீடு, எத்தனை நாளாக என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் வைத்துவிடுவான். அப்புறம் எப்போது கூப்பிடுவானோ, யார் கண்டது.

ஒரு பஸ் தூரத்தில் இருக்கலாம். ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கலாம். இரண்டரை வருடத்தில் அவன் இவ்வளவு பக்கத்தில் இருந்ததே இல்லை.

வைக்கட்டுமா என்றான்.

"இருங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க."