ஆம்பல்லூர் ஸ்டாப்

அப்பா லோனப்பன் பஸ் ஓட்டிய திருச்சூர் – கொடகரை தடத்தை அப்படியே ஒரு கம்ப்யூட்டர் பஸ் கேமுக்குள், தானே உருவாக்கிய கூடுதல் மோடாக ஏற்றியிருந்தான் ஜின்டோ. மணிச் சத்தத்தை மட்டும் சேர்க்காமலே செத்துப்போனான்.

லோனப்பன் தினமும் அதை ஓட்டினார். ஆம்பல்லூர் ஸ்டாப்பில் கம்ப்யூட்டர் திணறும், திரை உறையும். உறைந்த படத்தில், ஸ்டாப்பில் ஜின்டோ கைகாட்டி நிற்பான். படம் மறுபடி அசையும்போது பஸ் ஸ்டாப்பைத் தாண்டியிருக்கும்.

"புது கிராபிக்ஸ் கார்டு போட்டா திணறாது சேட்டா. ஆனா நீங்க சொல்ற ஆளு இந்த மோட்ல எங்கயுமே இல்ல," என்றான் கம்ப்யூட்டர் கடை ஷமீர்.

லோனப்பன் தயங்கினார். திணறலோடு அவனும் போய்விட்டால்?

"புள்ள எத்தன நாளா கைகாட்டிட்டு நிக்கிறான்! ஒரு தடவ நிறுத்தி ஏத்துங்க மனுஷா," என்று அழுதாள் மனைவி ரோசிலி.

கார்டு வந்தது. ஆம்பல்லூரில் பஸ் அலுங்காமல் நின்றது, கதவு திறந்தது. ஸ்டாப்பில் யாருமில்லை.

பஸ்ஸின் பின்னாலிருந்து, கிளம்பலாம் என்று கண்டக்டர் அடிக்கும் இரட்டை மணி கேட்டது.

லோனப்பன் வண்டியை எடுக்கவில்லை. மணி மறுபடியும் அடித்தது. அடுத்தது கொடகரை, கடைசி ஸ்டாப். அங்கே எல்லோரும் இறங்கியாக வேண்டும்.